பெண் பார்க்க வந்தவர்கள் பார்த்த பசு

ஆராய்ச்சி செய்கிறவர்களுக்கு ஒன்று சொல்லி வைக்கிறேன்: உங்கள் ஆராய்ச்சியை வீட்டில் விளக்காதீர்கள். புரியாவிட்டால் திட்டிவிட்டுப் போய்விடுவார்கள். புரிந்துவிட்டால் உதவி செய்ய வந்துவிடுவார்கள். என் அப்பாவுக்குப் பாதி புரிந்தது. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

நான் செய்தது இதுதான். கம்ப்யூட்டருக்குள் ஒரு கண்மாய்க்கரை. அதில் புல்லும், மேய்கிற உயிர்களும். அவை குட்டி போடும். குட்டிகள் கொஞ்சம் கொஞ்சம் மாறிப் பிறக்கும். பிழைக்கத் தெரிந்தது பெருகும், தெரியாதது சாகும். கண்மாய் வற்றினால் எந்தக் குணம் நிலைக்கிறது என்று பார்ப்பது என் வேலை. திரையில் தெரிவதெல்லாம் புள்ளிகள்தான். பெரிய புள்ளி தாய், சின்னப் புள்ளி குட்டி. என் புள்ளிகள் எந்தப் பஞ்சத்துக்கும் அசையவில்லை. வழிகாட்டிப் பேராசிரியர் பாராட்டினார். நானும் (மடச்சி!) பூரித்துப் போயிருந்தேன்.

அறந்தாங்கியில் பெயிண்டுக் கடை வைத்திருக்கும் அப்பா, புதுக்கோட்டையிலிருந்து பெண் பார்க்க வருகிறார்கள் என்று அப்போதுதான் அறிவித்தார். கல்யாணம் எனக்குப் பிரச்சினை இல்லை. படிப்பு பாதியில் நிற்கக் கூடாது, அவ்வளவுதான்.

"அவங்க சம்மதிச்சாப் படி. இல்லாட்டி மூட்டை கட்டிரு" என்றார் அப்பா. சம்மதிக்க வைக்கும் வழியையும் அவரே கண்டுபிடித்தார். "நீ படிக்கிறதை டிவியில போட்டுக் காட்டு ஆத்தா. பாத்தா அவங்களே படிக்கட்டும்னுருவாங்க. ஆனா புள்ளியைக் காட்டாத. பசுவும் கன்னுமாப் போடு. மங்களகரமா இருக்கும்."

தாய்ப் புள்ளிக்குப் பசுப் படம், குட்டிப் புள்ளிக்குக் கன்றுப் படம் என்று மாற்றினேன். (பசுவின் நெற்றியில் குங்குமம் வைக்கச் சொன்னதும் அவர்தான். அதையும் வைத்தேன்.) ஓட்டிப் பார்ப்பதற்குள் கார் வந்துவிட்டது.

மாப்பிள்ளை, அவர் அப்பா, அம்மா. மாப்பிள்ளைக்குப் பெங்களூரில் சாப்ட்வேர் வேலை. டிவி நிறையப் பச்சைப் புல்வெளி, நடுவில் பசு.

"அட, லட்சுமி!" என்று மாப்பிள்ளையின் அம்மா கும்பிட்டார்.

லட்சுமி கன்று ஈன்றது. எல்லோரும் மகிழ்ந்தார்கள். லட்சுமி திரும்பி அந்தக் கன்றைத் தின்றது.

மறுபடி ஈன்றது, மறுபடி தின்றது. பின்னால் நின்ற மாடுகளும் அதையேதான் செய்துகொண்டிருந்தன. புல்லை ஒரு மாடும் சீண்டவில்லை.

"ஆத்தா, நிறுத்து!" என்றார் அப்பா. பதறிப்போய் ஒரு பட்டனை அழுத்தினேன். அது வேகத்தைக் கூட்டும் பட்டன்.

எனக்கு அங்கேயே விளங்கிவிட்டது. பேராசிரியர் கொடுத்த புரோகிராமில் பிரசவத்துக்குச் செலவாகும் சக்தி பூஜ்யம். பெறுவதால் தாய்க்கு எதுவும் குறையாது. பிறப்பதோ தின்னத் தயாரான தீனி. இந்த ஓட்டையைப் பரிணாமம் பொறுமையாகத் தேடிக் கண்டுபிடித்திருக்கிறது. என் புள்ளிகள் பஞ்சத்தில் பிழைத்த லட்சணம் இதுதான்; வெறும் புள்ளியாக இருந்தவரை என் கண்ணில் படவில்லை.

"எந்த மாடாச்சும் பெத்ததைத் திங்குமா? ஏங்க, இந்தப் பொண்ணு என்னத்தைங்க படிக்குது?" என்று மாப்பிள்ளையின் அம்மா கணவரைக் கேட்டார்.

"சின்னத் தப்புதாம்மா. ஒரு வரி மாத்துனாப் போதும்" என்றார் மாப்பிள்ளை, கேசரியை மென்றபடி.

ஒரு வரியாம்! எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறிவிட்டது. "பிள்ளை பெறுறதுக்கு ஒரு செலவுமில்லைன்னு எழுதி வச்சிருக்காங்க. ஒடம்பு தேயலை, பசிக்கலை, வலிக்கலை. அப்புறம் திங்காமக் கொஞ்சுமா?" என்று கத்தினேன். சத்தியமாக மாட்டைப் பற்றித்தான் சொன்னேன். யாரும் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை.

அவர்கள் கார் திருவரங்குளம் தாண்டுவதற்குள் தரகருக்குப் போன் போய்விட்டது. அந்தப் பெண்ணுக்குப் பிள்ளைகளைக் கண்டாலே ஆகாதாம் என்று ஜில்லா முழுக்கச் செய்தி.

நான் பேராசிரியருக்குப் போன் போட்டேன். "சார், பிரசவத்துக்குப் பூஜ்யம் போட்டிருக்கு."

"அப்படியாம்மா? எனக்குத் தோணவே இல்லையே. ரொம்ப வருஷமா அப்படித்தான் ஓடுது."

தோணவில்லையாம். மூன்று பிள்ளைக்குத் தகப்பன்!

அதுவரை செய்ததெல்லாம் குப்பைக்குப் போனது. அந்த வரியைத் திருத்தி, முதலிலிருந்து ஆரம்பித்தேன். வரன் எதுவும் வராததால் குறுக்கே நிற்க ஆளில்லை. படித்து முடித்தேன். (இதற்கு அப்பா இன்னமும் நன்றி எதிர்பார்க்கிறார்.)

பிறகு கதை முழுக்கத் தெரிந்தே ஒருவர் என்னைக் கட்டிக்கொண்டார். மகள் பிறந்த மறுநாள் ஆஸ்பத்திரிக்கு வந்த அப்பா, வழக்கம்போல "சாப்பிட்டியா ஆத்தா?" என்றார். "மொதல்ல தொட்டில்ல பிள்ளை இருக்கான்னு பாருங்க" என்றாள் அம்மா. அதற்குள் அவள் கதையை எல்லோருக்கும் சொல்லியிருந்ததால் வார்டே சிரித்தது. தையல் போட்ட வயிற்றோடு எனக்குச் சிரிக்கவும் முடியவில்லை, எழுந்து நாலு வார்த்தை திட்டவும் முடியவில்லை. பூஜ்யமாம், பூஜ்யம்!

மகள் இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். அம்மா அவளுக்கும் கதையைச் சொல்லிவிட்டாள். நான் கோபமாக வீட்டுக்குள் நுழைந்தால், தள்ளி நின்று "அம்மா, நீ சாப்பிட்டியா?" என்று கேட்டுவிட்டுத்தான் பக்கத்தில் வருகிறாள்.