நானூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்து வால்

ஒரு காட்டில், செல்போன் டவர் வந்து மான்களெல்லாம் தலையைக் குனிந்தபடியே நடக்கப் பழகிவிட்ட காலத்தில், தையல்நாயகி என்றொரு மரங்கொத்தி இருந்தாள். அச்சுக் கோப்பது அவள் வேலை. ஆசிரியர் எழுதிக் கொடுப்பதைப் பார்த்துப் பார்த்துப் பலகையில் எழுத்தெழுத்தாகக் கொத்துவாள். பலகையில் மை தடவித் தேக்கிலையில் ஒற்றினால் புத்தகம் தயார். அச்சகத்தார் அவளுக்குக் குடியிருக்க ஒரு பட்டமரப் பொந்து கொடுத்திருந்தார்கள். வேலை இருக்கும்வரை பொந்து. வேலை போனால் பொந்தும் போச்சு. அதில் அப்போது மூன்று முட்டைகள் வேறு. முட்டையைத் தூக்கிக்கொண்டு வீடு மாற முடியுமா, நீங்களே சொல்லுங்கள்.

அவள் கொத்தியதெல்லாம் ஒரே ஆசிரியரின் கதையைத்தான். அவர் ஒரு ஆமை. புனைபெயர் வேகவேந்தன். சிரிக்காதீர்கள், அவரே ஆசையாக வைத்துக்கொண்டது. அவர் எழுதிய ‘மூவரியன் காவியம்’ என்றால் காட்டுக்கே பித்து. மூவரியன் என்கிற அணில் இளவரசன், மந்திர வாள் ஏந்தி, கருங்கண்ணி என்கிற மரநாய் அரசியோடு போர் புரிவான். ஆறு பாகம் வந்திருந்தது. ஆறாம் பாகத்தின் கடைசி வரியில் மூவரியன் மலையுச்சியில் கால் வழுக்கி ஒற்றைக் கையால் தொங்கினான். அப்படியே ஒன்பது வருஷம் தொங்கினான். வேகவேந்தன் யோசித்துக்கொண்டிருந்தார். பாவம், முயல்களில் மூன்று தலைமுறை அவன் விழுந்தானா ஏறினானா என்று தெரியாமலேயே போய்ச் சேர்ந்தன.

ஒருவழியாக ஏழாம் பாகம் வெளியானது. விடியும் முன்பே ஆலமரத்தடியிலிருந்து ஆற்றங்கரை வரைக்கும் வரிசை. எல்லோர் முதுகிலும் சுண்ணாம்பால் மூன்று கோடு. எருமைகூடப் போட்டுக்கொண்டு வந்திருந்தது. வரிக்குதிரை ஒன்று மட்டும், தன் முதுகில் எந்த மூன்று கோடு என்று காட்டத் தெரியாமல் திரும்பிப் போயிற்று. நம் காட்டில் வரிக்குதிரை எங்கே வந்தது என்று கேட்காதீர்கள், இந்தப் புத்தகத்துக்காகவே கப்பல் ஏறி வந்ததாம். கிளிகளிடம் மட்டும், ‘கதையை யாருக்கும் சொல்ல மாட்டேன்’ என்று விண்ணப்பத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு டோக்கன் கொடுத்தார்கள்.

உச்சிவேளைக்குக் காடு அமைதியாகிவிட்டது. எல்லோரும் படித்துக்கொண்டிருந்தார்கள். தையல்நாயகி முட்டைமேல் உட்கார்ந்து, அடடா, நாம் கொத்தியதை எவ்வளவு பேர் படிக்கிறார்கள் என்று பூரித்துப் போயிருந்தாள். திடீரென்று எட்டுத் திசையிலிருந்தும் ஒரே ஓலம்.

“வால் போச்சே! மூவரியனுக்கு வால் போச்சே!”

தையல்நாயகிக்குத் தூக்கிவாரிப் போட்டது. புத்தகத்தை எடுத்துப் புரட்டினாள். நானூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில், ‘மூவரியன் கண்ணீர் மல்கத் தன் வாலை உருவி அரசியின் காலடியில் வைத்தான்’ என்று இருந்தது. அவசரமாக ஆமையாரின் கையெழுத்துப் பிரதியை எடுத்துப் பார்த்தாள். அதில் ‘வாளை’ என்று, பள்ளத்துக்கு வருகிற ‘ள’ போட்டு, தெளிவாகத்தான் எழுதியிருந்தது. அவள்தான் பல்லுக்கு வருகிற ‘ல’வைக் கொத்திவிட்டாள். எப்போது என்றுகூட ஞாபகம் வந்தது. அந்த வரியைக் கொத்தும்போதுதான் மூன்றாவது முட்டை வந்தது. அந்த நேரத்தில் யாருக்கு ‘ல’ தெரியும், யாருக்கு ‘ள’ தெரியும்!

வெளியே ரகளையான ரகளை. குரங்குகள் மாரில் அடித்துக்கொண்டு அழுதன. “இத்தனை வருஷம் காத்திருந்ததுக்கு எங்க பிள்ளைக்கு இப்படிப் பண்ணிட்டாரே” என்று ஒரு கிழட்டு மந்தி, பெற்ற பிள்ளையைப் பறிகொடுத்ததுபோல் ஒப்பாரி வைத்தது. பல்லிகளுக்கோ கொண்டாட்டம். வாலை விட்டுவிட்டுப் பிழைக்கிற வீரனை இதுவரை எவன் எழுதினான், இது எங்கள் கதை என்று ஊர்வலம் கிளம்பின. தவளைகளுக்கு ஒன்றும் புரியவில்லை. “வயசுக்கு வந்தா வால் விழத்தானே செய்யும்? இதுக்குப் போய் ஏன் அழறாங்க?” என்றன. நல்லமுத்து என்கிற நரி விமர்சகர், வால் என்பது பரம்பரை அதிகாரத்தின் குறியீடு என்று பதினாறு பக்கம் எழுதி, காக்கையின் நேரலையில் வாசித்துக்கொண்டிருந்தார்.

சொல்லாமல் இருந்துவிடலாமா என்று தையல்நாயகி நினைத்தாள். ஆனால் பிரதியை யாராவது புரட்டினால் குட்டு வெளிப்பட்டுவிடும். பொந்து போய்விடும். நாமே முந்திக்கொண்டு சொன்னால், போகிறது, ஒரு எழுத்துதானே என்று விட்டுவிடுவார்கள். நீதிக்கதைகளில் எல்லாம் அப்படித்தான் நடக்கும் என்று கேள்விப்பட்டிருந்தாள், வெகுளி. பிரதியைக் கவ்விக்கொண்டு ஆமையார் வீட்டுக்குப் பறந்தாள்.

அங்கே போனால் முழுக்காடும் வாசலில் நிற்கிறது. பல்லிகள் ஆமையாருக்கு மாலை போட்டுக்கொண்டிருந்தன. ரசிகர் மன்றத் தலைவர் தாவூரான் என்கிற முசுக்குரங்கு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, “தலைவரே, மனசைப் பிழிஞ்சிட்டீங்க. இந்தமாதிரி ஒரு கட்டம் வேற எவனும் எழுத முடியாது” என்று காலில் விழுந்தது. தன் புத்தகத்தைத் தானே படித்துப் பார்க்கிற வழக்கம் இல்லாத ஆமையார், எந்தக் கட்டம் என்று தெரியாமல் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

“ஐயா, மன்னிச்சிருங்க” என்றாள் தையல்நாயகி. “நீங்க எழுதினது வாள். நான்தான் தப்பா வால்னு கொத்திட்டேன். அவன் வாளைத்தான் காலடியில வச்சான்.”

குளத்தோரம் ஒற்றைக்காலில் நின்ற கொக்கு மெல்லக் கேட்டது: “வாளைன்னா வாளை மீன் இல்லையா அக்கா? ஏழு பாகமா அவன் மீனைப் பிடிச்சிக்கிட்டுத்தான் சண்டை போடறான்னு நினைச்சேன்.”

அதை யாரும் காதில் வாங்கவில்லை. எல்லோரும் ஆமையாரையே பார்த்தார்கள். ஆமையார் பிரதியைப் பார்த்தார். கழுத்து மாலையைப் பார்த்தார். வாசலில் அழுது வீங்கிய ஐந்நூறு முகத்தையும், நேரலை ஓடுகிற செல்போனையும் பார்த்தார். பிறகு தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டார். வெகுநேரம் கழித்துத் தலை வெளியே வந்தது.

“வால்தான்” என்றார். “ஒன்பது வருஷம் யோசிச்சது எதுக்காம்?”

“ஐயா! உங்க கையெழுத்துலயே ‘ள’ போட்டிருக்கே!”

“அது நான் அவசரத்துல எழுதினது, அம்மா.”

கூட்டம் ஆரவாரித்தது. தையல்நாயகிக்கு அப்பாடா என்று இருந்தது. பிழையே இல்லையென்றால் பொந்துக்கும் ஆபத்தில்லை. முட்டை ஆறிப்போகுமே என்று திரும்பப் போனவளை முசு கைநீட்டி மறித்தது.

“நில்லும்மா. இங்க வால்னா, மத்த இடத்துல எல்லாம் வாள்னு போட்டிருக்கே, அது எப்படி?”

“அது… அங்கெல்லாம் வாள்தானேங்க? கத்தி! வெட்டற வாள்!”

“தப்பாக் கொத்தறது உண்டுன்னு இப்பத்தான் உன் வாயால சொன்னே.”

“அந்த ஒரு இடத்தைச் சொன்னேங்க!”

“அந்த ஒரு இடம் சரின்னு தலைவரே சொல்லிட்டார். அப்போ தப்பு வேற எங்கேயோதானே இருக்கணும்?”

நரி நல்லமுத்து எழுந்து, இது தர்க்கத்துக்குப் பொருத்தமாகத்தான் இருக்கிறது என்று சான்றிதழ் கொடுத்தார். முயல்கள் உட்கார்ந்து ஏழு பாகத்தையும் எண்ணின. ஆயிரத்து நூற்றேழு இடத்தில் ‘வாள்’ என்று இருந்தது.

“ஆயிரத்து நூற்றேழு பிழை!” என்று முசு தலையில் அடித்துக்கொண்டது. “ஒரே ஒரு இடத்துலதான் சரியாக் கொத்தியிருக்கா!”

“நான் சரியாத்தாங்க கொத்தினேன்” என்று தையல்நாயகி அழுதே விட்டாள். அழுகையை யார் கேட்டார்கள்? முசு இரண்டாம் பாகத்தைத் திறந்து, வாளையெல்லாம் வாலாக்கி, குரல் நடுங்க வாசித்தது: “‘மூவரியன் உறையிலிருந்து வாலை உருவினான். பத்தாயிரம் அணில்கள் வாலும் கேடயமுமாக அவன் பின்னே திரண்டன.’ ஆகா! ஆகா! இப்பத்தானே கதை புரியுது!” கேட்டவர்களுக்கெல்லாம் புல்லரித்தது. வாலுக்கு எதற்கு உறை என்று ஒரு ஓணான் கேட்டதற்கு, நீ முதல் பாகம் படிக்கவில்லையா என்று நாலுபேர் அடிக்கப் போனார்கள்.

அச்சகத்தார் அங்கேயே தீர்ப்புச் சொன்னார்கள். இவ்வளவு பிழை செய்தவளை உடனே பொந்திலிருந்து வெளியேற்ற வேண்டியதுதான். தையல்நாயகிக்கு உயிரே போய்விட்டது. ஆனால் ஏழு பாகத்தையும் திருத்திக் கொத்த அந்தக் காட்டில் வேறு மரங்கொத்தி இல்லை. ஆகவே திருத்திய பதிப்பு முடியும்வரை அவள் பொந்திலேயே இருக்கலாம், மன்னிப்புக் கடிதத்தில் மட்டும் கையெழுத்துப் போடவேண்டும் என்றார்கள். திருத்தி முடிக்க எப்படியும் நாலு வருஷம். முட்டை பொரிந்து, குஞ்சு வளர்ந்து, பேரன் பேத்தியே எடுத்துவிடலாம்.

நரி நல்லமுத்து கடிதத்தை எழுதி நீட்டினார். தையல்நாயகி கண்ணைத் துடைத்துக்கொண்டு படித்தாள்.

‘என் கவனக்குறைவாள் நேர்ந்த ஆயிரத்து நூற்றேழு பிழைகளுக்கும் காட்டு மக்களிடம் மன்னிப்புக் கோருகிறேன்.’

அவள் அலகு தானாகத் திறந்தது. கவனக்குறைவாள் என்று எழுதியிருக்கிறதே, அது பல்லுக்கு வருகிற ‘ல’ அல்லவா என்று தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. நிமிர்ந்து பார்த்தாள். ஐந்நூறு முகம் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது. பொந்தில் முட்டைகள் ஆறிக்கொண்டிருந்தன.

“ரொம்ப நல்லா எழுதியிருக்கீங்க” என்றாள். கையெழுத்துப் போட்டுவிட்டு, யாரும் கூப்பிடுவதற்குள் பறந்து போய் முட்டைமேல் உட்கார்ந்துகொண்டாள்.

நீதி: ஒரே ஒரு பிழை செய்து அதை ஒப்புக்கொண்டால், சரியாகச் செய்ததையெல்லாம் திருத்தித் தர வேண்டிவரும், ஆகவே பிழை செய்வோர் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி செய்க.