காலியிடங்களை நிரப்பும் முறை

மெய்நிகர் கணினி என்பது கணினிக்குள் குடியிருக்கும் இன்னொரு கணினி. கண்ணுக்குத் தெரியாது, கைக்கு அகப்படாது, இடத்தை மட்டும் அடைத்துக்கொள்ளும். ஊரெல்லாம் வைத்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும் இயக்குநர் தம் அலுவலகத்துக்கும் ஒன்று வாங்கிவைத்தார். கொஞ்ச காலத்தில், கோப்புகளைச் சேமித்துவைக்கும் அதன் டிஸ்க் வீங்கி, பெரிய கணினியின் வயிற்றையே அடைத்துவிட்டது.

எல்லோரும் கம்ப்யூட்டர் அக்காவைத் தேடி வந்தார்கள். அக்கா அங்கே தற்காலிக ஊழியர். பக்கத்திலேயே நிரந்தர நாற்காலி ஒன்று காலியாகக் கிடக்க, 'அது உனக்குத்தாம்மா' என்று இயக்குநர் சொன்னதை நம்பி, இலவு காத்த கிளியாக ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். டிஸ்க்கைச் சுருக்கிவிட்டால் நாற்காலி நிச்சயம் என்று இந்த முறையும் சொன்னார்.

வேண்டாத கோப்புகளையெல்லாம் அக்கா அழித்தாள். டிஸ்க் இம்மியும் குறையவில்லை.

"அழிச்சாச்சுங்கறே, அப்புறம் ஏம்மா குறையல?" என்று கேட்டார் இயக்குநர்.

"அழிச்சது உள்ள இருக்கற கணினிக்குத்தான் சார் தெரியும். வெளியில இருக்கறது, அங்க இன்னும் ஏதோ இருக்குன்னே நெனச்சுக்கிட்டிருக்கு. காலி இடம் பூரா பூஜ்ஜியத்தை நிரப்பணும். அப்பத்தான் ஒண்ணும் இல்லைன்னு அதுக்குப் புரியும். அப்புறம் சுருக்கிடலாம்."

ஒன்றும் இல்லாததை நிரப்புவதற்கும் மேலிடத்து அனுமதி வேண்டுமல்லவா? தலைமை எழுத்தர் தமக்கே உரிய நடையில் சொல்லச் சொல்ல, அக்கா எழுதிக் கையெழுத்துப் போட்டாள்: 'இவ்வலுவலகக் காலியிடங்கள் அனைத்தையும் பூஜ்ஜியங்களைக் கொண்டு நிரப்பவும், அதன்பின் சுருக்கவும் அனுமதி வேண்டப்படுகிறது.'

காலியிடம் என்றிருந்ததால் அது நேரே பணி நியமனப் பிரிவுக்குப் போனது. கோரிக்கை கனிவுடன் பரிசீலிக்கப்பட்டது. மறு வாரம் அக்கா வந்து பார்த்தால், நாற்காலியில் இயக்குநரின் மச்சினன் உட்கார்ந்திருந்தான். என்ன வேலை தெரியும் என்று கேட்டாள். ஒன்றும் தெரியாது என்றான். கேட்டதைத்தான் மேலிடம் அனுப்பியிருந்தது.

அக்கா நேரே இயக்குநரிடம் போனாள்.

"அது டிஸ்க்கில இருக்கற காலி இடம் சார். இந்த நாற்காலி எனக்குன்னு சொன்னீங்களே?"

"பூஜ்ஜியம்தானேம்மா கேட்டிருந்தே? நீ நாலும் தெரிஞ்சவ. விதிப்படி உனக்குத் தகுதி இல்லையே."

'அதன்பின் சுருக்கவும்' என்று மீதி இருந்ததால் தற்காலிக ஊழியர்களையும் நீக்கியிருந்தார்கள். தன் கையாலேயே சூனியம் வைத்துக்கொண்டோமே என்று அழுகையை அடக்கிக்கொண்டு அக்கா வெளியேறினாள்.

டிஸ்க்கைச் சுருக்கும் பொறுப்பு மச்சினனுக்கு வந்தது. மெய்நிகர் கணினியையே மொத்தமாக அழித்தான். டிஸ்க் அப்படிச் சுருங்கியதை அதுவரை யாரும் பார்த்ததில்லை. இயக்குநர் கைதட்டினார்.

எல்லோருடைய பணிப் பதிவும் அழிந்துபோன அந்தக் கணினிக்குள்தான் இருந்தது. ஆக, மேலிடத்துக் கணக்குப்படி அந்த அலுவலகத்தில் இப்போது ஒருவரும் இல்லை. 'நாங்கள் இங்கேதான் இருக்கிறோம்' என்று இயக்குநர் எழுதினார். எல்லா இடமும் காலி என்பதால் முந்தைய உத்தரவின்படியே நிரப்பிக்கொள்ளுமாறு பதில் வந்தது.

வேறு வழியில்லை. 'நான் ஒரு பூஜ்ஜியம் என இதனால் உறுதியளிக்கிறேன்' என்று எழுதிக் கொடுத்து ஒவ்வொருவராக வேலையில் சேர்ந்தார்கள். முதல் கையெழுத்து இயக்குநருடையது.

வரிசையில் கடைசியாக அக்காவும் நின்றாள். அவளுடைய தகுதிச் சான்றெல்லாம் டிஸ்க்கோடு அழிந்துபோயிருந்ததால், இப்போது அவளுக்கும் முழுத் தகுதி இருந்தது. பேனாவை வாங்கினாள், கையெழுத்துப் போட்டாள், நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.