ஷாப்லி பாட்டிலில் நான் போட்ட சீனி

எனக்கு ஒரு வியாதி உண்டு. ‘தெரியாது’ என்ற வார்த்தை வாயில் வராது. வழி கேட்டால், நான் போகாத ஊருக்கும் சேர்த்து வழி சொல்வேன். பத்தாம் வகுப்பு ஆங்கிலத்தில் மூன்று முறை தோற்றதற்குக்கூட, திருத்தினவருக்கு இங்கிலீஷ் வராது என்றுதான் வீட்டில் சொல்லி வைத்திருக்கிறேன். அந்த வியாதி முற்றி, பிரான்ஸ் தேசத்து விவசாயிகள் எட்டுப் பேர் முன்னால் ஒருநாள் பொங்கி வழிந்தது.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. கூடலூரிலிருந்து தினமும் ஜீப்பில் தொற்றிக்கொண்டு மலையேறி, குமுளியில் ஒரு ஓட்டலுக்கு மேசை துடைக்கப் போவேன். தினக்கூலி. எங்களுக்கு இரண்டு ஏக்கர் பன்னீர் திராட்சை உண்டு. ஆனால் பந்தலுக்கு அடியில் நாள் முழுக்க அண்ணாந்து நின்று கொடி வெட்டுவதைவிட, குனிந்து மேசை துடைப்பது கழுத்துக்கு நல்லது என்பது என் கட்சி. அப்பா அந்தக் கட்சி இல்லை.

“ஏலே பாண்டி, ஆடி பொறக்கறதுக்குள்ள அங்கன வேலை நிரந்தரமாகணும். இல்லைன்னா கத்தரிய எடுத்துக்கிட்டு பந்தலுக்கு வந்துரு,” என்று கெடு வைத்துவிட்டார்.

ஆனி பாதி போன சமயத்தில் அதிர்ஷ்டம் வந்தது. (அதிர்ஷ்டம் என்றுதான் அன்றைக்கு நினைத்தேன்.) ஓட்டலில் ஒயின் பார்த்துக்கொண்டிருந்தவர் துபாய்க்குப் பறந்துவிட்டார். மறுநாள் மதியம் பிரான்சிலிருந்து திராட்சை விவசாயிகள் சாப்பிட வருகிறார்கள். கம்பம் பள்ளத்தாக்கில் வருஷம் முழுக்கத் திராட்சை காய்க்கிற அதிசயத்தைப் பார்க்க வந்த கூட்டம். மேனேஜர் ஜோஸ் சேட்டன் எங்களை வரிசையாக நிற்க வைத்துக் கேட்டார்.

“அவங்களுக்கு நல்ல கிரிஸ்ப்பா வைட் ஒயின் வேணுமாம். குளிர் ஏரியாவுல விளைஞ்சது. இங்க ஒயின் தெரிஞ்சவன் யாராச்சும் உண்டோ?”

கிரிஸ்ப் என்றால் எனக்குத் தெரிந்தது அப்பளம்தான். இருந்தாலும் கை தானாக உயர்ந்தது.

“எடா, நீயா?”

“எங்க வீட்ல திராட்சைத் தோட்டம் சேட்டா. ஒயின எதுல செய்யிறாக? தேங்காய்லயா?”

வேறு கை உயரவில்லை. ஜோஸ் சேட்டன் பெருமூச்சு விட்டார். “இது மட்டும் ஒழுங்கா நடந்தா நீ பெர்மனென்ட். தெற்றிப் போனா...” என்றவர் மிச்சத்தைச் சொல்லவில்லை. கழுத்து மட்டும் எனக்கு லேசாக வலிக்க ஆரம்பித்தது.

அன்று மாலையே ஸ்டோர் ரூமுக்குள் புகுந்தேன். நாலு வகை வெள்ளை ஒயின் இருந்தது. பக்கத்திலேயே துபாய்க்காரர் விட்டுப்போன நோட்டு. இங்கிலீஷில் எழுதியிருந்ததை போனில் படம் பிடித்துத் தமிழாக்கிப் படித்தேன்.

ஷாப்லி: நல்ல புளிப்பு, சுண்ணாம்புக் கல். மஸ்கடே: கடல் உப்பு. சான்செர்: வெட்டின புல், பச்சை நெல்லிக்காய். அல்சாஸ் ரீஸ்லிங்: எலுமிச்சை, நாள்பட்டால் மண்ணெண்ணெய்.

அடப்பாவி மனுஷா, இத்தனை புகாரையும் நோட்டில் எழுதி வைத்துவிட்டு, முதலாளியிடம் சொல்லாமல் ஓடிவிட்டாயே என்று அவர்மேல் எனக்குக் கோபம் வந்தது. ஒயினில் மண்ணெண்ணெய் வாசம் அடித்தால் புகார் இல்லாமல் பாராட்டா? இருப்பதில் குற்றம் குறைந்தது ஷாப்லி என்று முடிவு செய்தேன். அதில் ஏழு பாட்டில் இருந்தது. ஆறை எடுத்து ஐஸ்பெட்டியில் வைத்தேன்.

மறுநாள் காலை பதினோரு மணிக்கு ஒரு கார்க்கைத் திருகி எடுத்து, மூடியளவு ஊற்றி நாக்கில் வைத்தேன். பல் கூசியது. இரண்டாவதைத் திறந்தேன். அதே கதை. ஆறாவது பாட்டிலைத் திறந்தபோது சந்தேகமே இல்லை. ஆறும் ஒரே தோட்டத்துக் காய்.

எங்கள் பக்கம் திராட்சை வியாபாரி வந்தால் குலையின் மேல்பழத்தைத் தொடவே மாட்டார். நுனிப்பழத்தைத்தான் கிள்ளி வாயில் போடுவார். கடைசியாகப் பழுப்பது அதுதான். அது புளித்தால், “இன்னும் பத்து நாள் போகட்டும்,” என்று வண்டியைத் திருப்பிவிடுவார். அவர் முகம் இனிக்கிறதா என்று பார்த்துத்தான் எங்கள் வீட்டில் சோறு பொங்குவார்கள். அப்படி வளர்ந்தவன் நான். புளிப்பு என்றால் அவசரத்தில் வெட்டிவிட்டான் என்று அர்த்தம். உடனே அப்பாவுக்குப் போன் போட்டேன்.

“அப்பா, பிரான்சுல திராட்சைய காயாவே வெட்டிருக்காக. பயங்கரப் புளிப்பு.”

“அங்கன வெயிலு எப்பிடி?”

“வெயிலே கெடையாதாம். குளிரு ஏரியாவாம்.”

“வெயிலு இல்லாத ஊர்ல எவன்டா திராட்சை போடச் சொன்னது? முட்டைக்கோசு போட வேண்டியதுதான?”

“இப்ப என்னப்பா செய்ய?”

“பழத்துல இனிப்பு ஏறலைன்னா நாமதான் ஏத்தணும். நம்ம வீட்ல புளிச்ச பழத்துல சாறு போட்டா ஆத்தா என்ன செய்வா?”

சீனி போடுவாள். அவ்வளவுதான் விஷயம். அடுப்படியில் சீனிப் பாகு காய்ச்சினேன். குமுளி ஆயிற்றே என்று ஏலக்காயும் நாலு தட்டிப் போட்டேன். ஆற வைத்து, ஒவ்வொரு பாட்டிலிலும் ஒரு கரண்டி ஒயினை வெளியே எடுத்துவிட்டு, ஒரு கரண்டிப் பாகை உள்ளே விட்டேன். ருசி பார்த்தேன். கல்யாண வீட்டுப் பானகம் தோற்றது. பிரான்சின் மானத்தை ஒரு கூடலூர்க்காரன் காப்பாற்றிவிட்டான் என்று எனக்கு நானே கை கொடுத்துக்கொண்டேன். (ஆள் இல்லாத இடத்தில் நிஜமாகவே கொடுத்தேன்.)

மதியம் எட்டுப் பேரும் வந்தார்கள். மீன் பொரித்து, குறுமிளகு தூவி வைத்திருந்தது. கூட்டத்துக்குத் தலைவி, நரைத்த முடியை ஆண்பிள்ளை மாதிரி வெட்டிய ஒரு அம்மா. பெயர் எலேன். பாட்டிலைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, ஜோஸ் சேட்டனிடம் ஏதோ சொன்னார்.

“எடா பாண்டி, இந்த அம்மா ஷாப்லிங்கற ஊர்க்காரங்களாம். இது அவங்க பக்கத்துத் தோட்டத்து ஒயினாம். நல்ல செலக்ஷன்னு சொல்றாங்க!”

நெஞ்சு நிமிர்ந்தது. நிரந்தர வேலை கண்ணுக்குத் தெரிந்தது. ஊற்றினேன். எலேன் அம்மா ஒரு மிடறு குடித்தார். அப்புறம் கிளாஸை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். மோந்தார். மறுபடி பாட்டிலின் லேபிளைப் படித்தார். மற்ற ஏழு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருவர் நாக்கிலிருந்து ஏலக்காய்த் தோல் ஒன்றை எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்தார்.

இதில் என்ன இருக்கிறது என்று எலேன் அம்மா என்னைப் பார்த்து இங்கிலீஷில் கேட்டார். அங்கேயாவது வாயை மூடியிருக்கலாம்.

“லிட்டில் சுகர், மேடம். யுவர் கிரேப் நாட் ரைப். ஐ கரெக்ட். நோ பிராப்ளம்.”

ஜோஸ் சேட்டன் கண்ணை மூடிக்கொண்டார். உதடு மட்டும் அசைந்தது. வேளாங்கண்ணி மாதா வரைக்கும் கூப்பிட்டிருப்பார்.

அந்த அம்மா கத்தியிருந்தால் தேவலை. மெதுவாகத்தான் பேசினார். ஜோஸ் சேட்டன் கண்ணைத் திறக்காமலே மொழிபெயர்த்தார்.

“வசந்த காலத்துல அவங்க ஊர்ல பனி பெய்யுமாம். துளிர் கருகிடக் கூடாதுன்னு தோட்டம் முழுக்க தீ மூட்டி வச்சு முழிச்சு இருப்பாங்களாம். குளிர்ல மெல்ல மெல்லப் பழுத்தாத்தான் அந்தப் புளிப்பு நிக்குமாம். அதுக்குத்தான் அத்தனை பாடுமாம். அதுலதான் நீ பாகு ஊத்தியிருக்க.”

எனக்கு மேசைக்கு அடியில் போய்விடலாம் போலிருந்தது. மழை பிடித்துப் பூ உதிர்ந்த வருஷம் என் அப்பா பந்தலுக்குக் கீழே நின்ற முகம் ஞாபகம் வந்தது. விவசாயி வீட்டில் பிறந்துவிட்டு இன்னொரு விவசாயியின் விளைச்சலைக் கெடுத்திருக்கிறேன். அதுவும் ஏலக்காய் தட்டிப் போட்டு.

மிச்சமிருந்த ஏழாவது பாட்டிலை ஓடிப்போய் எடுத்து வந்தேன். எட்டுப் பேருக்கும் வாய் நனைகிற அளவுக்கு வந்தது. மீனோடு குடித்துவிட்டுக் கிளம்பினார்கள். பாட்டிலின் அடியில் ஒரு மிடறு இருந்தது. அடுப்படிக்கு எடுத்துப்போய், ஒரு துண்டுப் பொரித்த மீனைத் தின்றுவிட்டு அதைக் குடித்தேன். நாக்கில் இருந்த எண்ணெய்ப் பிசுக்கு ஒரே வெட்டாகப் போய்விட்டது. அடுத்த துண்டு மீனுக்கு வாய் தயாராகிவிட்டது. பொரித்த மீனுக்கு எலுமிச்சை பிழிகிறவனுக்கு இது ஏன் அத்தனை நேரம் புரியவில்லை என்று என்னைக் கேட்காதீர்கள்.

நிரந்தர வேலை போனது. மேசை துடைக்கிற வேலையும் போனது. கிளாஸ் கழுவ அனுப்பினார்கள். அப்பா போனில், “வந்துரு சாமி, கத்தரிய சாணை புடிச்சு வச்சிருக்கேன்,” என்றார்.

“கார்த்திகை வரைக்கும் பொறுங்கப்பா. நான் கெடுத்தத நானே கத்துக்கிட்டுத்தான் வருவேன்,” என்றேன். என் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வந்ததில், “ஏலே, போன்ல பேசறது பாண்டிதானா?” என்று கேட்டார்.

கழுவ வந்த ஒவ்வொரு கிளாஸையும், தண்ணீரில் போடுவதற்கு முன்னால் மோந்து பார்த்தேன். எந்த மேசை, எந்த ஒயின் என்று பரிமாறுகிறவனிடம் கேட்டுக்கொள்வேன். அவனுக்கு என்மேல் சந்தேகம். (“இவன் மிச்சத்த நக்குறான் சேட்டா.”) ஒரு மாதத்தில் மழைக்குப் பிந்தின சுண்ணாம்புச் சுவர் வாசம் வந்தால் ஷாப்லி என்று கண்டுகொண்டேன். கையில் நெல்லிக்காய் நசுக்கின மாதிரி இருந்தால் சான்செர். வாசமே பெரிதாக இல்லாமல், லேசாக உப்புக்காற்று அடித்தால் மஸ்கடே. கிளாஸிலிருந்து எலுமிச்சையும் மண்ணெண்ணெயும் சேர்ந்து வந்தால் வயசான ரீஸ்லிங். துபாய்க்காரரின் நோட்டில் ஒரு புகார்கூட இல்லை. அத்தனையும் அடையாளம்.

புரட்டாசியில் ஒருநாள், இறால் வறுவலுக்கு என்ன ஒயின் பொருந்தும் என்று ஒரு மேசையில் கேட்டார்கள். ஜோஸ் சேட்டன் முழித்தார். நான் அடுப்படிக் கதவிலிருந்து தலையை நீட்டி, “மஸ்கடே குடுங்க சேட்டா. மசாலா தூக்கலா இருந்தா கொஞ்சம் இனிப்பு நிக்கிற ரீஸ்லிங்,” என்றேன். அந்த மேசையில் இரண்டாவது பாட்டிலும் கேட்டார்கள்.

கார்த்திகை முடிவதற்குள் வேலை நிரந்தரமானது. ஒரே ஒரு நிபந்தனை. ஒயின் பக்கம் போகும்முன் என் சட்டைப் பையைச் சோதிப்பார்கள்.

இதற்குள் கதை மலையிறங்கிக் கூடலூர் வந்துவிட்டது. போன வருஷம் என் கல்யாணத்துக்குக் கூட்டாளிகள் பஸ் ஸ்டாண்டில் வைத்த ஃபிளெக்ஸில், என் பெயருக்குக் கீழே ‘சீனி’ என்று போட்டிருந்தார்கள். ஏன் அந்தப் பெயர் என்று என் மனைவி கவிதா கேட்டாள். நான் வாயைத் திறக்கும்முன், அப்பா மணப்பந்தலிலேயே கதையை ஆரம்பித்துவிட்டார். (‘சீனி போடச் சொன்னது யார்’ என்ற பகுதியை மட்டும் விட்டுவிட்டார்.)

மறுநாள் காலையில் கவிதா காப்பி கொண்டுவந்தாள். ஒரு வாய் குடித்தேன். சீனியே இல்லை. முகத்தைச் சுளித்தேன். கூடத்திலிருந்த சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் இதற்காகவே காத்திருந்த மாதிரி கழுத்தை நீட்டினார்கள்.

“கசக்குதா?” என்றாள்.

“கொஞ்சம்.”

“நான் போட்டது அப்பிடித்தான் இருக்கும். திருத்தப் போறீகளா, குடிக்கப் போறீகளா?”

குடித்தேன். இன்றுவரை எங்கள் வீட்டில் எனக்கு மட்டும் அந்தக் காப்பிதான்.