அழுததெல்லாம் காரத்துக்குத்தான்

காரம் தாங்குவதை ஒரு திறமை என்று நினைத்துக்கொண்டிருப்பவர்களை நீங்கள் பார்த்திருக்கலாம். பச்சை மிளகாயைக் காம்போடு கடித்துவிட்டு, நாலு பேர் கவனிக்கிறார்களா என்று சுற்றிப் பார்ப்பார்கள். இருபத்து நான்கு வயதில் நான் அந்தக் கூட்டத்தின் தலைவியாக இருந்தேன். குலப் பெருமை வேறு. திருவனந்தபுரம் ஆரியசாலையில் அப்பாவுக்கு வற்றல் மிளகாய் மொத்த வியாபாரம். மற்ற பிள்ளைகள் பவுடர் வாசனையோடு பள்ளிக்கூடம் போனபோது நான் மிளகாய் நெடியோடு போனேன். (பக்கத்தில் உட்கார்ந்தவள் வருஷம் முழுக்கத் தும்மினாள்.)

அப்போது எனக்குக் கழக்கூட்டத்தில் ஒரு மென்பொருள் கம்பெனியில் வேலை. அடுத்த நாற்காலியில் ஷிபு. கொல்லத்துக்காரன், நான் விடும் கதைகளைப் பொறுமையாகக் கேட்கும் ஒரே ஜீவன். ஏழு மாதமாக எங்கள் உயிரை எடுத்த புராஜெக்ட் ஒரு வெள்ளிக்கிழமை முடிந்தது. அதைக் கொண்டாட, சனிக்கிழமை மதியம் கவடியார் பக்கம் புதிதாகத் திறந்திருந்த தாய்லாந்து தெருவோர உணவுக்கடைக்குப் போவது என்று முடிவு செய்தோம். நான் அதுவரை சாப்பிட்டிருந்த வெளிநாட்டு உணவு கோபி மஞ்சூரியன் ஒன்றுதான். கொலு பொம்மை வாங்கப் போகும் குழந்தை மாதிரி காலையிலேயே குளித்துத் தயாராகிவிட்டேன்.

சந்தோஷத்துக்கு இன்னொரு காரணமும் இருந்தது. மறுநாள் என்னைப் பெண் பார்க்க வருவதாக இருந்தார்கள். மாப்பிள்ளை முத்துக்குமாருக்கு நாகர்கோவிலில் பாங்கு வேலை. அம்மா இல்லாதவர், மணக்காட்டில் இருக்கும் பெரியம்மாதான் வளர்த்தவர், அவர் சரி என்றால்தான் எதுவும் நடக்கும் என்று தரகர் சொல்லியிருந்தார். போட்டோவைப் பார்த்து அம்மாவிடம் “பரவாயில்லை” என்று மட்டும் சொல்லியிருந்தேன். (போட்டோ என் கைப்பையில் இருந்தது. அதை அம்மா மூன்று நாளாகத் தேடிக்கொண்டிருந்தாள்.)

தெருவோரக் கடை என்பது பெயரில்தான். இருந்ததோ முதல் மாடியில், ஏசி குளிரில். நடுவில் ஒரு தள்ளுவண்டி நின்றது. அது எப்படிப் படியேறி வந்தது என்று எனக்கு இன்றும் புரியவில்லை. மேலே கலர் கலராகக் காகிதக் குடைகள். காற்றில் எலுமிச்சம்புல் வாசனை. எனக்குக் கால் தரையில் பாவவில்லை. வெயிட்டர் வந்ததும், இணையத்தில் படித்து மனப்பாடம் செய்திருந்தபடி எழுந்து நின்று, கைகூப்பி, தலை தாழ்த்தி, “சவாதீ கா” என்று தாய்லாந்து வணக்கம் சொன்னேன்.

அவரும் கைகூப்பினார். “சேச்சி, ஞான் மணிப்பூராணு,” என்றார் சுத்தமான மலையாளத்தில். ஊர் மணிப்பூராம், தாய்லாந்து பாஷை தனக்கும் தெரியாதாம். ஷிபு மெனு அட்டையைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டான். அட்டை குலுங்கியது.

அந்த மானக்கேட்டை ஈடுகட்டுவதற்காகத்தான் அடுத்த தப்பைச் செய்தேன். மெனுவில் ஒவ்வொரு பதார்த்தத்துக்கும் பக்கத்தில் மிளகாய் படம் போட்டிருந்தது. ஒரு மிளகாய் என்றால் குழந்தைகளுக்கு, மூன்று என்றால் துணிந்தவர்களுக்கு. பச்சைப் பப்பாளி சாலட்டுக்கு மூன்று போட்டிருந்தது. இதற்கு மேல் இல்லையா என்று கேட்டேன். தாய்லாந்துக்காரர்கள் சாப்பிடும் பக்குவம் ஒன்று உண்டு, ஆனால் இங்கே யாருக்கும் கொடுப்பதில்லை என்றார் வெயிட்டர். அதுதான் வேண்டும் என்றேன். இரண்டு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டு உள்ளே போனார். சமையற்காரர் வெளியே வந்து எட்டிப் பார்த்தார். நான் மிடுக்காகத் தலையசைத்தேன். அவர் முகத்தில் வந்து போனது மரியாதை என்று நினைத்தேன்.

சாலட் வந்தது. இதே பப்பாளியை அம்மா கூட்டு வைத்தால் தொடமாட்டேன். இங்கே வேர்க்கடலை தூவி, வாழையிலைத் துண்டில் வைத்திருந்ததால் பரவசம். ஷிபுவுக்கு முள்கரண்டி. நான், தெருவோர உணவைக் கையால்தான் சாப்பிட வேண்டும் என்று ஒரு சிறு சொற்பொழிவு ஆற்றிவிட்டு, ஐந்து விரலும் முங்க எடுத்து வாயில் போட்டேன்.

முதலில் புளிப்பு. அப்புறம் இனிப்பு. ஆஹா என்றேன். அந்த ‘ஹா’வை முடிக்க முடியவில்லை. நாக்கில் யாரோ இஸ்திரிப் பெட்டியை வைத்து அழுத்தினார்கள். காது அடைத்தது. தலைமயிர் ஒவ்வொன்றும் தனித்தனியாக வியர்த்தது. அப்போதாவது நிறுத்தியிருக்கலாம். ஷிபு பார்த்துக்கொண்டிருந்தான் என்பதால் இன்னொரு கை அள்ளிப் போட்டேன். கண்ணில் நீர் முட்டியது. அந்த விரலாலேயே துடைத்தேன்.

அதன் பிறகு எனக்குக் கண் தெரியவில்லை. வாயைத் திறந்தால் சத்தம் வரவில்லை. தாரை தாரையாகக் கண்ணீர் மட்டும் வந்தது. மறுபடி கண்ணைக் கசக்கப் போன என் இரண்டு கைகளையும் ஷிபு எட்டிப் பிடித்துக்கொண்டான். நான் விசும்பிக்கொண்டே திமிற, அவன் விடாமல் கெஞ்சினான்.

“மதி, விட்டேக்கு. இது நமுக்கு பறஞ்ஞிட்டுள்ளதல்லா.”

போதும், விட்டுவிடு, இது நமக்கு விதிச்சதில்லை என்று அர்த்தம். அவன் சொன்னது சாலட்டை. பிறகு என் கையை விட்டால் கண்ணுக்குப் போகும் என்று, ஒரு கையால் அதைப் பிடித்தபடியே வெயிட்டர் ஓடிவந்து வைத்த கிண்ணத்திலிருந்து மறுகையால் சர்க்கரையை எடுத்து என் வாயில் ஊட்டினான். ஒரு தடவை இல்லை, நாலு தடவை.

பக்கத்து மேஜையில் ஓர் அம்மாள், மகனுடைய பிறந்தநாளுக்கு இழுத்துவரப்பட்ட முகத்தோடு வெறும் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். அவர் எழுந்து வந்து என் தலையில் கை வைத்தார்.

“பிடிக்கல்லேன்னா வீட்டுல வாயைத் திறந்து சொல்லிரணும் மக்களே,” என்றார் மெதுவாக. “வீம்புக்கு விழுங்கப்பிடாது. பொறவு காலம் முழுக்க அழணும்.”

நல்ல மனுஷி, சாப்பாட்டைப் பற்றி எவ்வளவு அக்கறையாகச் சொல்கிறார் என்று உருகிப்போய், பலமாகத் தலையாட்டினேன். அவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார்.

ஞாயிற்றுக்கிழமை காலை, அம்மா கேசரிக்கு ரவை வறுத்துக்கொண்டிருக்கும்போது தரகரின் போன் வந்தது. மாப்பிள்ளை வீட்டார் வரவில்லையாம். பெண்ணுக்கு வேறொரு பையன்மேல் விருப்பமாம். கையைப் பிடித்துக்கொண்டு இரண்டு பேரும் ஓட்டலில் அழுததை மாப்பிள்ளையின் பெரியம்மாவே கண்ணால் பார்த்தாராம். தரகர் கொடுத்த போட்டோவில் கண்ட முகம்தானா என்று சந்தேகப்பட்டுக் கிட்டத்தில் போய்ப் பார்த்துப் புத்தியும் சொன்னாராம். பெண்ணே தலையாட்டி ஒத்துக்கொண்டதாம்.

பக்கத்து மேஜை அம்மாள்தான் அந்தப் பெரியம்மா! காரம், வெறும் காரம் என்று அழாத குறையாகச் சொன்னேன். அம்மா அடுப்பை அணைத்துவிட்டுத் தலையில் கை வைத்து உட்கார்ந்தாள்.

“முப்பது வருஷமா மிளகா விக்கேன். எனக்க மவ காரத்துக்கு அழுதாளாம்,” என்றார் அப்பா. “லவ்வுன்னு சொல்லு, நம்புகேன்.”

(மகள் காதலிப்பதைவிடக் காரத்துக்குத் தோற்றதுதான் அவரைச் சுட்டது என்று அப்போது புரிந்தது.)

மத்தியானம் என்னை அந்தக் கடைக்கே கூட்டிப்போனார். அதே மேஜை, அதே வெயிட்டர். என்னைக் கண்டதும் அவர் கேட்காமலேயே சர்க்கரைக் கிண்ணத்தைக் கொண்டுவந்து வைத்தார். அப்பா அதைத் தள்ளி வைத்துவிட்டு, நேற்று இவள் சாப்பிட்டதையே கொண்டுவரச் சொன்னார். ஒரு பிடி எடுத்து வாயில் போட்டு, மிளகாய் தரம் பார்க்கும் வியாபாரியின் நிதானத்தோடு மென்றார். மெல்வது நின்றது. என்னைப் பார்த்தார். முப்பது வருஷப் பெருமையும் அந்தக் கண்களில் மெல்லக் கரைந்து, கன்னம் வழியாக இறங்கியது.

அப்பா நியாயஸ்தர். அந்த நிமிஷமே கைப்பேசியை எடுத்துப் பெரியம்மாவை அழைத்தார். நேராகப் பேசி விளக்கிவிடுவதாக எண்ணம். தொண்டைதான் ஒத்துழைக்கவில்லை.

“அம்மா... எனக்க மவ...” மூக்கை உறிஞ்சினார். “ஒரு பாவமும் செய்யல்ல...” அதற்கு மேல் விம்மல்தான் வந்தது.

அப்பாவின் கைப்பேசியில் யார் பேசினாலும் அடுத்த மேஜை வரைக்கும் கேட்கும். “அழாதீங்க அண்ணாச்சி,” என்றது அந்தப் பக்கம். அதுவும் தழுதழுத்தது. “நானும் பிள்ளை பெத்தவதான். நடந்தது நடந்துபோச்சு. அடுத்த ஞாயித்துக்கிழமை வாறோம்.”

அப்பா மறுத்துச் சொல்ல வாயைத் திறந்தார். இருமல் வந்தது. போன் வைக்கப்பட்டுவிட்டது.

அடுத்த ஞாயிறு வந்தார்கள். முத்துக்குமாரும் நானும் தனியாகப் பேச ஐந்து நிமிஷம் கொடுத்தார்கள். அவர் ரொம்பத் தயங்கி, அந்தப் பையனை மறக்க எனக்கு எவ்வளவு நாள் வேண்டும், தான் காத்திருக்கத் தயார் என்றார். நான் மணிப்பூரில் ஆரம்பித்து இஸ்திரிப் பெட்டி வரை முழுதாகச் சொன்னேன். மனுஷன் சிரித்த சிரிப்பில் கூடத்திலிருந்து நாலு தலை எட்டிப் பார்த்தது. அந்தச் சிரிப்போடு வாழ்ந்துவிடலாம் என்று நான் முடிவு செய்தது அப்போதுதான்.

கல்யாணம் ஆகிப் பல வருஷங்கள் ஆகிவிட்டன. நடந்ததைப் பெரியம்மாவிடம் நானும் சொன்னேன், முத்துக்குமாரும் சொன்னார், அப்பா சத்தியமே செய்தார். பெரியம்மா எல்லோருக்கும் தலையாட்டுவார், நம்பமாட்டார். எனக்கும் என் கணவருக்கும் சின்னச் சண்டை வந்தால்கூட என்னைத் தனியே கூப்பிட்டு, “மனசுல இன்னும் வச்சிட்டிருக்கியா மக்களே?” என்று கேட்பார்.

ஷிபு இப்போதும் ஓணத்துக்கும் பொங்கலுக்கும் மனைவி, பிள்ளைகளோடு எங்கள் வீட்டுக்கு வருகிறான். பந்தியில் அவன் இலைக்கு வரும்போது மட்டும் பெரியம்மாவின் கை நிதானிக்கும். எல்லோருக்கும் ஒரு கரண்டி பாயசம் என்றால் அவனுக்கு மூன்று. வேண்டாம் என்றால் விடமாட்டார். “பாவம், குடி மோனே,” என்பார். அவனுக்குப் போன வருஷம் சர்க்கரை வியாதி வந்துவிட்டது. அதுவும் அந்த ஏக்கத்தில்தான் என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்.