உருகாத குற்றம்

பால் பண்ணையின் பெரிய எவர்சில்வர் தொட்டியில் ஒரு சாண் நீளத்துக்கு விரிசல் விட்டது. முன்பு இரண்டு முறை நெருப்பால் உருக்கி ஒட்டியும் பக்கத்திலேயே மறுபடி வெடித்திருந்தது. அதனால் ஒட்டித்தர வந்த வெல்டர் அம்மா இந்த முறை வேறு வழி பார்த்தார். கடினமான உலோக முளை ஒன்றை இயந்திரத்தில் பொருத்தி வேகமாகச் சுழலவிட்டு, விரிசலின் மேல் அழுத்தி மெல்ல நகர்த்தினார். உராய்ந்த சூட்டில் எஃகு உருகவில்லை, இளகியது. இரண்டு ஓரமும் பிசைந்த மாவு போலக் கலந்து ஒன்றாகின. தண்ணீர் நிரப்பிப் பார்த்தார்கள். ஒரு பொட்டுகூடக் கசியவில்லை. மேலாளர் நிம்மதியாக மூச்சு விட்டார். கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டார்.

மறுநாள் சான்று வழங்கும் ஆய்வாளர் படிவத்தோடு வந்தார். அதன் ஏழாவது கட்டத்தில், ‘உலோகம் உருகிய வெப்பநிலை’ என்றிருந்தது.

“உருகலைங்க சார். அதுதான் இதுல விசேஷமே” என்றார் வெல்டர்.

“உருகலைன்னா ஒட்டலைம்மா.”

“கசியலையே சார்.”

“கசியாதது தொட்டியோட சொந்த விஷயம். நான் படிவத்தைத்தான் பாக்கணும்.”

ஆக, பதிவேடுகளின்படி விரிசல் அப்படியே இருந்தது. விரிசல் இருந்தால் கசிவும் இருந்தாக வேண்டும். அதை அளக்க ஒரு வாளியும், வாளியைக் கண்காணிக்க ஓர் ஊழியரும் நியமிக்கப்பட்டனர். மூன்று நாள் வாளி காய்ந்தே கிடந்தது. கடமையில் அலட்சியம் என்று ஊழியருக்கு நோட்டீஸ் வந்தது. பிள்ளைகுட்டிக்காரர். நாலாம் நாள் குழாய்த் தண்ணீரைப் பிடித்து ஊற்றி, உரிய அளவைப் பதிந்தார். கசிவு ஐயந்திரிபற நிரூபணமானது.

செய்தி ஊருக்குள் பரவியது. சான்றில்லாத தொட்டிப் பாலை நாங்கள் எப்படிக் குடிப்போம்? பண்ணை வாசலில் நின்று கோஷம் போட்டோம். விற்காத பால் சாக்கடையில் ஓடியது. ஏதாவது ஓர் எண்ணை எழுதிவிடும்படி மேலாளர் வெல்டரிடம் கெஞ்சிப் பார்த்தார்.

“உருகாததை உருகுச்சுன்னு எழுத எனக்குக் கை வராதுங்க” என்று சொல்லிவிட்டு அவர் கருவிகளை எடுத்து வைத்தார்.

வேறொருவர் வந்து, நன்றாக இருந்த இடத்தில் நெருப்பு வைத்து உருக்கினார். ஏழாவது கட்டம் நிரம்பியது, சான்றும் கிடைத்தது. பத்தே நாளில் பழைய இடத்துக்குப் பக்கத்திலேயே தொட்டி வெடித்தது. அதற்குப் படிவத்தில் கட்டம் எதுவும் இல்லை.

பாதிப் பால் ஒழுகிப் போவதால் இப்போது ஊரில் தட்டுப்பாடு. பாக்கெட்டில் ‘முறைப்படி உருக்கி ஒட்டிய தொட்டிப் பால்’ என்று அச்சிட்டு விலையை ஏற்றினார்கள். கடை முன்னால் நீண்ட வரிசை. இத்தனை பேர் நிற்கிறார்களே, பால் அருமையாகத்தான் இருக்கும் என்று நானும் போய் நின்றேன்.

எனக்கு முன்னால் நின்றிருந்தவர் திரும்பிப் பார்த்தார். வெல்டர் அம்மா.

“என்ன பண்றது? வீட்டுல பசங்க இதைத்தான் கேக்குறாங்க” என்றார்.