செவ்வாய் தோஷக் கம்ப்யூட்டர்

"கீழ இருக்கற பொண்களை மாடில இருக்கற பிள்ளைகளோட சேர்த்து வைக்கறதுதான் என் தொழில். இங்க கம்ப்யூட்டரே சேர மாட்டேங்கறதே?" என்றார் சந்திரமௌலி.

மயிலாப்பூரில் அவர் நடத்தும் கல்யாணத் தகவல் மையத்தில் பெண் ஜாதகங்கள் கீழ்த்தளத்து நெட்வொர்க்கில் இருந்தன. பிள்ளை ஜாதகங்கள் மாடியில், வேறு நெட்வொர்க்கில். இரண்டுக்கும் நடுவே வழிகாட்ட ஒரு ரூட்டர். மாடியில் மூன்று கம்ப்யூட்டர்கள் ஒழுங்காகக் கீழே போய் வந்துகொண்டிருந்தன. நாலாவதில் செவ்வாய் தோஷப் பிள்ளைகள் முப்பத்தெட்டுப் பேர். டைப்பிஸ்ட் ஜலஜா உட்காரும் அந்தக் கம்ப்யூட்டர் இரண்டு வருஷமாகக் கீழே எட்டிப் பார்த்ததே இல்லை.

யாரும் சந்தேகப்படவில்லை. வரன் அமையாவிட்டால் பழியை ஏற்றுக்கொள்ளத்தான் செவ்வாய் இருக்கிறதே. இன்று காலை ஒரு பிள்ளையின் தகப்பனார் வந்து சத்தம் போட்ட பிறகுதான் குட்டு வெளிப்பட்டது.

பழுது பார்க்க வந்த அனிருத்துக்குத் தூக்கிவாரிப்போட்டது. மாதம் ஒருமுறை வருகிறவன்தான். சொன்னதைப் பார்ப்பான், ஜலஜா கொடுக்கும் காப்பியைக் குடிப்பான், போய்விடுவான். அந்த முப்பத்தெட்டில் ஒன்று அவனுடைய ஜாதகம். அம்மா பதிந்தது. இப்போது வயது முப்பத்தாறு. செவ்வாய்க்காக வைத்தீஸ்வரன்கோயிலுக்கு நாலு தடவை போய் வந்தாகிவிட்டது.

அவனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ரூட்டரில் புதிதாக ஒரு வழி எழுதினான். நன்றாக இருந்த மூன்று கம்ப்யூட்டர்களும் கீழ்த்தளத்தைத் தொலைத்தன. பதறிப்போய் ஜலஜாவின் கம்ப்யூட்டருக்கு வேறு எண் கொடுத்தான். அது ஏற்கெனவே பிரிண்டருடைய எண். பிரிண்டர் மூச்சை நிறுத்தியது. போதாக்குறைக்கு ரூட்டரில் இருந்ததையெல்லாம் அழித்து, கடையில் வாங்கிய நிலைக்குக் கொண்டுபோனான். இன்டர்நெட்டும் போயிற்று. வேளச்சேரியிலிருந்து பெண்ணுக்கு வரன் பார்க்க வந்திருந்த தம்பதி எழுந்தே போய்விட்டார்கள்.

"நோக்கு இந்த வேலை தெரியுமா, தெரியாதா?" என்றார் சந்திரமௌலி.

அனிருத்துக்கே அது சந்தேகமாகத்தான் இருந்தது. பழைய நோட்டைப் பார்த்து எல்லாவற்றையும் இருந்தபடி எழுதி முடித்தான். பிறகு, முதலிலேயே செய்திருக்க வேண்டியதைச் செய்தான்: ஜலஜாவை எழுந்திருக்கச் சொல்லிவிட்டு அவள் கம்ப்யூட்டரின் உள்ளே பார்த்தான்.

கேட்வே என்று ஓர் எண் உண்டு. அந்தத் தளத்தை விட்டு வெளியே போகும் வாசல் அதுதான். அந்த எண் ஒன்று என்று முடிய வேண்டும். இருநூற்றைம்பத்தொன்று என்று முடிந்திருந்தது. அப்படி ஒரு வாசலே அந்தக் கட்டடத்தில் கிடையாது. இது தானாக வந்த கோளாறு இல்லை. யாரோ உட்கார்ந்து மாற்றிய எண்.

திருத்தினான். அடுத்த நிமிஷம் பிரிண்டர் ஓடத் தொடங்கியது. இரண்டு வருஷப் பொருத்தங்கள் தாள்தாளாக விழுந்தன. முதல் தாளிலேயே அவன் பெயர். பொருத்தமான பெண்கள் பதினொருவர்.

சந்திரமௌலி வாயைப் பிளந்தார். தை மாதத்திலேயே முடித்துவிடலாம் என்று அம்மாவுக்குச் சொல்லச் சொன்னார்.

அனிருத்துக்குச் சந்தோஷத்தைவிட ஆத்திரம்தான் அதிகம் வந்தது. பதினொரு பெண்கள் இருந்தும் இரண்டு வருஷம் பாழ். "எந்தப் பாவி இதை மாத்தி வெச்சது?" என்று கேட்டான்.

ஜலஜா தாள்களை அடுக்கிக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல் சொன்னாள்:

"உங்க ஜாதகம் ஒண்ணு மட்டும் கீழ போகாம நிறுத்தத் தெரியலை. அதான் முப்பத்தெட்டையும் நிறுத்திட்டேன்."