நீலத் தண்ணீர்ச் சோதனை

மதிப்பிற்குரிய பெரிய மைத்துனர் அவர்களுக்கு, உங்கள் தங்கையின் கணவன் வணக்கத்துடன் எழுதுவது. அங்கே எல்லோரும் சுகமாக இருப்பீர்கள். இங்கே சுகம் என்று எழுதக் கை வரவில்லை. என் போனை நீங்கள் எடுப்பதில்லை, ஆகவே ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டில்காரரின் தம்பி வசம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

எடை குறைய இவள் வயிற்றைச் சின்னதாக்கும் ஆபரேஷன் செய்துகொண்டதும், வேண்டாம் என்று நீங்கள் சொன்னதும், உங்கள் வேலையைப் பாருங்கள் என்று நான் சொன்னதும், அதோடு நம் பேச்சு நின்றதும் தெரிந்ததே. ஆறாம் நாள் காய்ச்சல். தையல் போட்ட இடத்தில் கசிவு என்றார் டாக்டர். முப்பது வருஷம் குழாய் வேலை பார்த்தவன் சும்மா இருப்பேனா, எந்த இடம், எவ்வளவு ஓட்டை என்று கேட்டேன். ஸ்டென்ட் என்ற வலைக்குழாயை வாய் வழியாக இறக்கி ஓட்டையை மறைப்போம், சாப்பாடு அதற்குள்ளேயே போய்விடும், புண் தானாக ஆறும் என்றார். "வாஷர் போடுவீங்களா?" என்று கேட்டேன். நர்ஸ் என்னை வெளியே உட்காரச் சொன்னார். வெச்ச நாலாம் நாள் அது நழுவிப்போச்சு. நேத்து வேற ஒண்ணு வெச்சாங்க. இதுவும் நிக்கலைன்னா மறுபடி வயித்தைத் திறக்கணுமாம், இவ உடம்பு தாங்குமான்னு கேட்டா டாக்டர் கண்ணாடியைத் துடைக்கிறார்.

இன்னிக்குக் காலையில நீல மருந்து கலந்த தண்ணி குடுத்தாங்க. கசிஞ்சா, வயித்துலேர்ந்து வர்ற குழாயோட பையில நீலம் வந்துடும். எத்தனை வீட்டுல நானே சாயம் ஊத்திக் கசிவு கண்டுபிடிச்சிருக்கேன். மதியம் வரைக்கும் கட்டிலோரமா உக்காந்து பையையே பார்த்துக்கிட்டிருந்தேன். வந்துடுச்சு மச்சான், பச்சையும் நீலமுமா. மணியை அழுத்தினேன், அடுத்த கட்டிலை முடிச்சுட்டு வர்றேன்னு நர்ஸ் குரல் குடுத்தாங்க. இவ தூங்கறா. எழுப்பிச் சொல்ல எனக்குத் தைரியமில்லை. நீங்க சொன்னதுதான் சரி, நான்தான் கேக்கலை. கோபத்தை விட்டுட்டு உடனே வாங்க. எனக்குப் பயமா இருக்கு.

அக்காவுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசிகள்.

இப்படிக்கு,
உங்கள் மாப்பிள்ளை

பி.கு: நர்ஸ் வந்து பார்த்தார். நான் பார்த்தது மூத்திரப் பை. அந்த மருந்து குடித்தால் மூத்திரம் அப்படித்தான் போகுமாம். வயிற்றுக் குழாயின் பை கட்டிலுக்கு அந்தப் பக்கம் தொங்குகிறது, அதில் துளி நீலமில்லை. ஸ்டென்ட் நிற்கிறது. "எந்தக் குழாய் எங்கேர்ந்து வருதுன்னு தெரியாத ஆளையா கட்டிக்கிட்டேன்"னு இவ சிரிக்கிறா, சிரிச்சா வலிக்குதுன்னு அதுக்கும் என்னையே திட்டறா. ஆகவே நீங்கள் சொன்னது சரி என்று மேலே எழுதியதை வாபஸ் வாங்குகிறேன். ஆனாலும் வாங்க. வரும்போது இந்தக் கடிதத்தை மட்டும் வீட்டிலேயே வைத்துவிடுங்கள், பயமா இருக்குன்னு நான் எழுதினது இவளுக்குத் தெரிய வேண்டாம்.